திரும்பி வந்த பொத்தான்

"இன்னாம்மா, நீ போட்ட கடுதாசி நம்ம ஊட்டுக்கே வந்துகீது!" மாமனார் கோதண்டம் கவரை நீட்டினார்.

தாட்சாயிணி வாங்கிப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். மேலே சிவப்பு மையில் 'வாங்க மறுத்துவிட்டார்' என்று எழுதியிருந்தது. கவரைப் பிரிக்கக்கூட இல்லை. உள்ளே வைத்த சிப்பிப் பொத்தான் விரலில் தட்டுப்பட்டது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கிற வேலை அவளுக்கு. மிஞ்சுகிற பொத்தானில் அழகான ஒன்றைக் கடிதத்துக்குள் வைத்து, அம்பாசமுத்திரத்துப் பேனா சிநேகிதி கிருஷ்ணப்பிரியாவுக்கு அனுப்புவாள். அங்கிருந்து கோரைப்பாய்த் துண்டு, மருதாணி விதை என்று ஏதாவது வரும். போட்டோ கூடாது, போன் கூடாது என்று இருவருக்கும் ஒப்பந்தம். அவசரத்துக்கு மட்டும் மாமனார் நம்பர்.

'சாப்பிட்டியா' என்று அவளைக் கேட்க உலகத்தில் இருந்தது அந்த ஒருத்திதான். முகம் பார்க்காத சிநேகம், அவளுக்கும் சலித்துவிட்டதாக்கும்! அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை.

"மாமா, எனக்கு ஏதாவது போன் வந்துச்சா?"

"எவன் எவனோ பண்றான். இன்சூரன்ஸ் போடுன்றான், சிம்மை மாத்துன்றான். போன மாசம் நீ வேலைக்குப் போனப்புறம் ஒருத்தி உன்னைக் கேட்டா. 'தாட்சாயிணி காலீலயே பூட்டாம்மா'ன்னேன். டக்குனு வச்சிட்டா."

இன்சூரன்ஸ்காரியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். அப்புறம் அவள் பொத்தான் பொறுக்கவில்லை. பட்டாபிராமில் ரயில் ஏறினாள், இறங்கினாள், சோறு வடித்தாள். மனசு மரக்கட்டையாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு பெண் பையோடு வந்து நின்றாள். "அக்கா, இது தாட்சாயிணி வீடுதானே? நான் கிருஷ்ணப்பிரியா, அம்பாசமுத்திரம்."

தாட்சாயிணிக்குச் சந்தோஷமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வாங்க என்றுகூடச் சொல்லாமல், "லெட்டரை ஏன் திருப்பி அனுப்புனீங்க?" என்றாள்.

"நான் இல்லக்கா, எங்கம்மா. கவரைப் பாத்ததும் பயந்து நடுங்கிட்டா." அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. பைக்குள் கைவிட்டு ஒரு சந்தன மாலையை எடுத்தாள்.

"தாட்சாயிணி படத்தை எங்கக்கா மாட்டியிருக்கீங்க?"