மேகநாதன் திறந்துவிட்டால்தான் சிக்னல்

டவரையெல்லாம் எடுத்துவிட்டார்கள். இப்போது நம் போனில் பேசுவது பக்கத்து வீட்டுப் போன் வழியாகத்தான் போக வேண்டும். இதற்குப் பெயர் முன்னேற்றமாம்! மூலையிலிருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்குப் பக்கத்து வீடு மேகநாதனுடையது மட்டும்தான். மொட்டைமாடியில் என் ஈரப்புடவை அவர் வடகத்தில் சொட்டியதாம். அந்த மகானுபாவர் தன் போன் வழியாக எங்கள் சிக்னல் போகாமல் அடைத்துவிட்டார். மருமகள் தாராவுக்குப் போனில் இன்டர்வியூ தொடங்கப் போகிறது. செத்த போனோடு அழுகிறாள்.

போய் அவர் கதவைத் தட்டினேன்.

"சார், அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு? திறந்து விடுங்க."

"மன்னிப்புக் கேளுங்க."

"கேட்டேன், போதுமா?"

"இங்க இல்லம்மா. அபார்ட்மென்ட் குரூப்ல போடுங்க. எல்லாரும் பாக்கணும்."

"எதுல போடறது? என் போனத்தான் அடைச்சு வச்சிருக்கீங்களே, அறிவாளி!"

யோசித்துவிட்டு, பெருந்தன்மையாகத் தன் போனையே நீட்டினார். அதிலேயே டைப் செய்தேன்: 'தப்பு என்மேலதான். புத்தி கெட்டுப்போச்சு. மன்னிச்சுடுங்க.'

மெசேஜ் போனது அவர் பெயரில்தானே! "பரவால்ல மேகநாதன் சார்" என்று மாடிக்கு மாடி பதில் வந்தது. அபார்ட்மென்ட் செயலாளர் அம்மா, "அப்ப மூலை வீட்டுக்குத் திறந்துட்டீங்களா?" என்று கேட்டிருந்தாள்.

போனை அவர் கையில் கொடுத்தேன்.

"'திறந்துட்டேன்'னு நானே போட்டுட்டேன் சார். சீக்கிரம் திறங்க."