நாற்பத்தோராவது கடை

"தைக்கணுமா, பிரிக்கணுமா?" தலையை நிமிர்த்தாமலே கேட்டார் தையல்காரர்.

"ரெண்டும் இல்லைங்க. இதை யார் தைச்சதுன்னு தெரியணும்."

பஸ் கண்டக்டர் தன் தோள்பையிலிருந்து ஒரு சின்ன கவுனை எடுத்து மேஜைமேல் விரித்தாள். நாலு வயதுப் பிள்ளைக்கு உரியது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்கிக் கிடந்த அவளை இறக்கிவிட்டபோது போட்டிருந்த கவுன். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டதற்கு "அம்மா வீட்டுப் பிள்ளை" என்றாளாம். அதை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது? காப்பகத்தில் வளர்ந்தாள்.

வேலைக்கு வந்த பிறகு புதுப்புது வழித்தடங்களாகக் கேட்டு வாங்கினாள். பஸ் நிற்கும் ஊரிலெல்லாம் தையற்கடை ஏறி இறங்கினாள். டிக்கெட் கிழித்ததைவிடக் கடைப்படி ஏறியதுதான் அதிகம் என்று டிரைவர் கிண்டல் செய்வார். விட்டுவிட்டுப் போனவர்களை எதற்குத் தேடுகிறாய் என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்விதான் அவளைக் குடைந்தது. தொலைத்தார்களா, தொலையட்டும் என்று விட்டார்களா? அது தெரியாமல் அவள் ஓய்வதாக இல்லை.

தையல்காரர் கவுனை உட்புறம் திருப்பினார். கீழ் மடிப்பில் நான்கு விரல் அகலத்துக்குத் துணி மிச்சம் இருந்தது. பிள்ளை வளர வளரப் பிரித்துவிடுவதற்காக விட்டது.

"இவ்வளவு யாரும் விடமாட்டாங்க. என் கைதான்."

யாருக்குத் தைத்தது என்று கேட்டாள். அவர் உள்ளே போய்த் தடித்த அளவு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பக்கத்துக்குப் பக்கம் வெட்டுத்துணி ஒட்டியிருந்தது. கவுன் துணியோடு ஒப்பிட்டு நெடுநேரம் புரட்டியவர், கழுத்தில் தொங்கிய டேப்பை உருவினார்.

"நேரா நில்லும்மா. கையை நீட்டு."

"நான் தைக்க வரலைங்க."

"தெரியும். நில்லு."

வெளியே டிரைவர் இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அசையவில்லை. தோள், கை, இடுப்பு, உயரம் என்று அளந்தார். ஒவ்வொன்றுக்கும் நோட்டைப் பார்த்தாரே தவிர, எதையும் எழுதவில்லை.

"அளந்தது போதுங்க. என்னைப் பெத்தவங்க வேணும்னே விட்டாங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

டேப்பைச் சுருட்டியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"பக்கத்து ஊர்லேர்ந்து ஒரு அம்மா, வருஷா வருஷம் மகளுக்கு உடுப்பு தைக்கக் கொடுப்பாங்க. இந்தக் கவுனுக்கு அப்புறம் மகளை ஒருதடவைகூடக் கூட்டிட்டு வந்ததில்ல. பொண்ணு இல்லாம எப்படித் தைக்கறதுன்னு நானும் சத்தம் போடுவேன். 'வருவா, இந்த வருஷம் இவ்வளவு வளர்ந்திருப்பா'ன்னு அவங்களா ஒரு அளவு சொல்லிட்டுப் போவாங்க" என்றவர், நோட்டின் கடைசிப் பக்கத்தை அவள் பக்கம் திருப்பினார். "இது போன வாரம் சொன்ன அளவும்மா. தோள்ல அரை அங்குலம்தான் தப்பு."