சின்னக் காலுறை

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை, மகள் ஷெரின் பரிசுக்காக ஜன்னலில் மாட்டியிருந்த காலுறையைப் பார்த்து எட்வின் குழம்பிப்போனார். போன வருடம் முழங்கால் நீளக் காலுறை நிறையச் சாக்லேட்டும் பொம்மையும் வைத்திருந்தார். அவள் தொடக்கூட இல்லை. இப்போது தொங்கியது அவள் கைக்குழந்தையாக இருந்தபோது போட்டது. இரண்டு விரல்தான் நுழைந்தது.

"நம்ம கஷ்டம் தெரிஞ்சு சின்னதா மாட்டியிருக்கா பாரு, புளோரா."

மனைவி சிரித்தாள். "நீங்க வேற! வெலை கூடினதெல்லாம் இப்ப சின்னதாத்தான வருது? காதுல வைக்கிற ஹெட்போன், கையில கட்டுற வாட்ச்..."

பாட்டுப் பயிற்சி முடிந்து ஷெரின் வந்ததும் கேட்டேவிட்டார்.

"இதுல என்னம்மா வைக்கணும்?"

"ஒங்களுக்குத் தெரியாதாப்பா?"

அவள் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. "தெரியுமே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார், எந்தக் கடைக்கென்று தெரியாமல்.