பதினாறு மஞ்சள் துப்பட்டாக்கள்

தையல் கம்பெனி வாசலுக்கு எதிரே அந்த பைக் நிற்கும். செண்பகவல்லி ஏறும் பஸ்ஸின் பின்னாலேயே வந்து, அவள் தெருமுனைவரை ஊர்ந்துவிட்டுத் திரும்பும். வராதே என்று பைக்காரனிடம் இரண்டுமுறை சொல்லியும் பார்த்துவிட்டாள். வீட்டுக்குத் தெரிந்தால் வேலையை நிறுத்திவிடுவார்கள். பாவம், வீட்டில் வாயைத் திறக்காமல் தேதி, நேரம், பைக் நம்பர் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி டிபன் பையில் வைத்துக்கொண்டாள். இருபத்துமூன்றாம் நாள், பக்கத்து மெஷின் பாத்திமுத்துவிடம் அழுதேவிட்டாள்.

"எல்லாரும் தூசிக்கு மூஞ்சியக் கட்டிக்கிட்டுத்தானடி பஸ் ஏறுறோம்? உன்னைய எப்படிக் கண்டுபிடிக்கிறான்?" என்றாள் பாத்திமுத்து.

"இந்த மஞ்சத் துப்பட்டாதான்க்கா."

"அம்புட்டுத்தானா? மூக்கத் தொடைடி, கழுத."

மறுநாள் சாயங்காலம் செண்பகவல்லியின் நிறுத்தத்தில், கண்களை மட்டும் காட்டிக்கொண்டு, பதினாறு மஞ்சள் துப்பட்டாக்கள் இறங்கின. பைக் தடுமாறி நின்றது.

"யாரு வீட்டுக்குத் தம்பி வரணும்? சொல்லுங்க, காப்பி போட்டு வைக்கிறோம்" என்றது ஒரு துப்பட்டா.

கூட்டம் வீட்டுப் பக்கம் போகாமல், மகளிர் காவல் நிலையம் இருக்கும் தெருவுக்குள் திரும்பியது. முன்னால் நடந்தவள் மட்டும் முகத்துக் கட்டை அவிழ்த்திருந்தாள்; கையில் அந்தச் சீட்டு.