கடலைக் காட்டுக்குக் காவல்

"இருந்த ஒரே உரிமையையும் புடுங்கிட்டானுங்க" என்று புலம்பியபடி, ஸ்டேஷனிலிருந்து வெறுங்கையோடு வீடு திரும்பினார் மாதப்பன்.

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஊருக்கெல்லாம் அதே சட்டம்தான். மாதப்பன் அதை நம்பினால்தானே.

"எல்லாம் அந்த மாது பண்ண வேலை" என்றார் மனைவி முனியம்மாளிடம்.

"அவன் என்னங்க பண்ணினான்?"

"கிராம சபையில நான் பேசறப்ப போன்ல ரெக்கார்டு பண்ணினானே, பாக்கலையா? அதை ஸ்டேஷன்ல போட்டுக் காட்டியிருக்கான்."

மாது பக்கத்து நிலத்துக்காரன். பென்னாகரம் தெருக்களில் வண்டியில் தக்காளி விற்பவன்.

மாதப்பனின் பேச்சு ஊருக்கே மனப்பாடம். "அமெரிக்காவுல துப்பாக்கி வெச்சுக்கறதை அரசியல் சட்டத்துலயே எழுதி வெச்சிருக்கான். நமக்கு ஏன் இல்லை?" என்று ஆரம்பித்து, மேசையைத் தட்டி முடிப்பார். குடிதண்ணீரைப் பற்றிப் பேச அதற்குமேல் யாருக்கும் தெம்பு இருக்காது.

போன சபையில் மாது எழுந்தான். "இதுவரைக்கும் ஒரு தடவையாவது சுட்டிருக்கீங்களாண்ணா?"

சபையே சிரித்தது. அன்றோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை அறுந்தது. உண்மையில் மாதப்பன் சுட்டதே இல்லை. வெடிச்சத்தம் கேட்டால் அவருக்கே நெஞ்சு படபடக்கும்.

இப்போது கவலை கடலையைப் பற்றி. காட்டோர நிலம், பிடுங்குகிற பருவம். பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரி புகுந்தால் போதும், ஆறு மாசச் சாப்பாடு மண்ணோடு போச்சு. துப்பாக்கி இல்லாமல் இருட்டில் காவலுக்குப் போக அவருக்குப் பயம். அதை வெளியே சொல்ல முடியுமா?

ஒருநாள் விடிந்ததும் மனசைத் திடப்படுத்திக்கொண்டு போனார். வழியெல்லாம் அடுத்தவர் நிலங்களைப் பன்றிகள் உழுதே போட்டிருந்தன. அவர் நிலத்தில் ஒரு செடி சாயவில்லை.

ஆச்சரியப்பட்டு முடிப்பதற்குள், கடலைக்கு நடுவிலிருந்து மாது வந்தான். துண்டுக்குள் எதையோ மறைத்திருந்தான்.

"நில்லுடா. என் கடலையா?" துண்டை உருவினார்.

உள்ளே தக்காளி வண்டியில் கட்டும் ஸ்பீக்கர்.

"பன்னி வெரட்டத்தாங்கண்ணா" என்றான் மாது. "துப்பாக்கியும் இல்லாம நீங்க என்ன பண்ணுவீங்க? தெனம் பொழுது சாய வெச்சுட்டு, விடிஞ்சா எடுத்துக்கறேன்."

மாதப்பன் துண்டைத் திருப்பிக் கொடுத்தார். இவனைப் போயா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடா?"

"நீங்கதான் மூஞ்சியத் திருப்பிக்கிறீங்களே."

"சரி, இதுக்கா பன்னி பயப்படுது?"

"மொத நாளு 'தக்காளி கூறு இருவது'ன்னு என் குரலைத்தான் போட்டேன். யாவாரத்துக்குக் கூப்புடறேன்னு நெனச்சு வரப்பு வரைக்கும் வந்துருச்சுங்க. அப்புறம்தான் போன்ல இருந்த உங்க பேச்சைப் போட்டேன். வந்த வேகத்துல திரும்பிருச்சுங்க."

மாதப்பனுக்குக் கொஞ்சம் வலித்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"எந்த இடம் வந்தா ஓடுது?"

மாது தலையைச் சொறிந்தான்.

"'துப்பாக்கி இல்லாம ஒரு பன்னியைக்கூட வெரட்ட முடியாது'ன்னு மேசையத் தட்டுவீங்களே, அந்த இடத்துலதாங்கண்ணா."