பாலம் உள்ள திரை

ராணுவப் பயிற்சி மையத்தின் வரைபடப் பிரிவில், அவள் முன்னால் இரண்டு திரைகள். இரண்டிலும் ஒரே ஆறு ஓடுகிறது. ஹெலிகாப்டர் பயிற்சித் திரையில் ஆற்றின்மேல் ஒன்றுமில்லை. டாங்கிப் பயிற்சித் திரையில் மட்டும் பாலம் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது. போன மாத வெள்ளத்தில் நிஜப் பாலம் இடிந்ததும், எல்லாப் பயிற்சி அறைகளுக்கும் பொதுவான வரைபடத்திலிருந்து அதை அழித்தவள் அவள்தான். டாங்கி அறைக்காரர்கள் திரை வேகமாக ஓடவென்று அந்த வரைபடத்தின் தனிப் பிரதி ஒன்றை வைத்திருப்பதை மறந்தவளும் அவள்தான். குளிர்சாதனம் முனகுகிறது.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்கிறான் பக்கத்து மேசைக்காரன்.

"இந்தப் பாலம் இப்ப இல்லப்பா. இதுல பழகின பசங்க எங்க?"

"காலையிலயே நிஜ டாங்கியில கெளம்பிட்டாங்களே. முதல் வண்டி உங்க தம்பிதான். கண்ண மூடிக்கிட்டே பாலத்தத் தாண்டுவேன்னு பீத்திக்கிட்டுப் போனான்..." அவன் சிரிப்பு பாதியில் நின்றுபோகிறது.

அவள் ஏற்கெனவே களத்தைத் தொலைபேசியில் அழைத்துவிட்டாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே, ஆறு இருக்கும் திசையில், மூடுபனி வெள்ளைச் சுவராக நிற்கிறது. சரிபார்க்க அவள் ஓடவிட்ட நேற்றைய பயிற்சிப் பதிவை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அதில் தம்பியின் டாங்கி, கொஞ்சமும் வேகம் குறையாமல், பாலத்தில் ஏறுகிறது.