ஏசல் பாட்டுக்கு ஒரு மாமியார்

"எழுந்திருக்காதேடி குமுதா, படுத்துக்கோ. காப்பி கொண்டு வந்திருக்கேன்."

குமுதவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெயில் முற்றத்துக்கே வந்துவிட்டது. திட்டவேண்டிய மாமியார் ஹேமாம்புஜம் டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அதுவும் கள்ளிச்சொட்டாகக் கெட்டிக் காப்பி!

"அம்மா, உங்களுக்கு உடம்பு ஏதாவது...?"

"எனக்கென்ன, கல்லுக்குண்டாட்டம் இருக்கேன். நாளைக்குப் பாடப் போறவ நீ. தளிகையெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

குமுதவல்லிக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னே? சின்னக் காஞ்சிபுரத்தில் கல்யாணம் என்றால், மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்யும் ஏசல் பாட்டு அவள்தான் பாடவேண்டும். கல்யாணத்துக்குக் கல்யாணம் புதிதாகக் கட்டுவாள். அவள் கற்பனையை ஊரே மெச்சியது. கற்பனையாவது, கத்திரிக்காயாவது! ஒருதரம் இறக்கிய காப்பிப்பொடியை உலர்த்தி மறுபடி இறக்குவது, நெய்க் கிண்ணத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவது, பருப்பையே காணாத சாத்தமுது என்று பாட்டில் அவள் சம்பந்தி தலையில் கட்டுவதெல்லாம் இந்த ஹேமாம்புஜத்தின் லீலைகள்தாம். பாட்டைக் கேட்டு எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பவளும் அவளே. தன்னைத்தான் மருமகள் பாடுகிறாள் என்று அந்த அப்பாவிக்குத் தெரியாது.

அப்பேர்ப்பட்ட மாமியார் கொஞ்ச நாளாகத் தங்கமாகிவிட்டாள். குமுதவல்லிக்கு ஒரு வரிகூட வரவில்லை.

மத்தியானம் கல்யாணப் பெண்ணின் அம்மா ரமாமணி மூச்சிரைக்க வந்தாள்.

"பாட்டு ஆச்சாடி குமுதா? வாலாஜாபாத் சம்பந்தி பொல்லாத வாய். 'உங்க ஊர்ல பாடத் தெரிஞ்சவா இருக்காளா'ன்னு என் மூஞ்சிக்கு நேரா கேக்கறா. நீதான் என் மானத்தைக் காப்பாத்தணும்."

"ஆயிடுத்து மாமி" என்று வாய் கூசாமல் சொல்லி அனுப்பினாள் குமுதவல்லி.

ஒரே வழிதான் தெரிந்தது. அடுக்களைக்குப் போனாள். மாமியார் பார்க்கப் பார்க்க நெய்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். நெய் தரையெல்லாம் ஓடியது. இதோ, வெடிக்கப் போகிறாள்!

"போனாப் போறது. உன் கால்ல படலியே, கண்ணு?" என்றாள் ஹேமாம்புஜம்.

குமுதவல்லி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் நலங்கு. இந்தப் பக்கம் பெண் வீட்டார், அந்தப் பக்கம் ரயிலில் வந்திறங்கிய மாப்பிள்ளை வீட்டார். ரமாமணி இடுப்பில் இடித்தாள். வேறு வழியில்லாமல் குமுதவல்லி ஒரு பழைய பாட்டை எடுத்துவிட்டாள்.

"இது ஐயம்பேட்டைக் கல்யாணத்துல பாடினதுன்னா! ஊசிப்போன பண்டம்!" என்றாள் வாலாஜாபாத் சம்பந்தி. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. ரமாமணியின் முகம் செத்துவிட்டது. சம்பந்தி அதோடு விடவில்லை. "இப்போ எங்க பாட்டைக் கேளுங்கோ. கூடவே இருந்து, பார்த்துப் பார்த்துக் கட்டினது!"

சம்பந்தியின் முதுகுக்குப் பின்னாலிருந்து பாட்டுக் கணீரென்று கிளம்பியது.

"வெய்யில் முற்றம் வந்தாலும் விழிக்காத மாட்டுப்பொண்ணு
நெய்யைத் தரையில் கொட்டிட்டு நிக்கறாளே திருட்டுக்கண்ணு!"

குமுதவல்லி எட்டிப் பார்த்தாள். வாலாஜாபாத்தில் பிறந்து வளர்ந்த ஹேமாம்புஜம், பிறந்த ஊர்க்காரர்கள் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி முழிக்கறே? இத்தனை வருஷமா உன் பாட்டுக்கெல்லாம் சரக்குக் கொடுத்தவளுக்கு, ஒரு பாட்டுக் கட்டத் தெரியாதா?"